கறுப்புக் கோட்டும் பஸ் கட்டணமும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கித் தரப்படுகிறது.)



செயலாளர் போன் பண்ணி, "சார், நம்ம பிள்ளைங்க நிறைய பேர் டிகிரி முடிச்சிட்டு லா போகணும்னு கேக்கறாங்க. என்ன படிக்கணும், எப்படி வக்கீலாகணும்னு ஒரு அரை மணி நேரம் சொல்லுங்க" என்றார். ஜட்ஜ் இல்லாத இடத்தில் ஒரு வக்கீலைப் பேச விட்டால் யார் நிறுத்துவது என்று அவர் யோசிக்கவில்லை. (சிரிப்பு) ஆனாலும் அரை மணியில் முடித்து விடுகிறேன். சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது என்பது எனக்கும் தெரியும்.

நான் இந்தக் கல்லூரியில் 1985 முதல் 1988 வரை பி.ஏ. வரலாறு படித்தவன். அப்பா ரேஷன் கடையில் எடை போடுகிற வேலை. சட்டம் படிக்கப் போகிறேன் என்றதும் எங்கள் தெருவில், "அவங்க வீட்டிலதான் ஏற்கெனவே தராசு இருக்கே" என்று கிண்டல் செய்தார்கள். எங்கள் சொந்தத்தில் யாரும் அதுவரை கோர்ட் படி ஏறியதில்லை. வக்கீலாகவும் இல்லை, கட்சிக்காரராகவும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பாதிப் பேர் அதே நிலையில்தான் இருப்பீர்கள். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு நான் இன்று சொல்லப் போவதில் புதிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் சாப்பாட்டு மேஜையிலேயே தெரிந்து விடும். உங்களுக்காகத்தான் பேசுகிறேன்.

பட்டம்

சட்டப் படிப்புக்கு இரண்டு வழி. பிளஸ் டூ முடித்தவுடன் சேரும் 5 ஆண்டுப் படிப்பு ஒன்று. ஏதாவது ஒரு பட்டம் வாங்கிய பிறகு சேரும் 3 ஆண்டுப் படிப்பு மற்றொன்று. நீங்கள் எல்லோரும் இரண்டாவது வண்டியில் ஏறப் போகிறவர்கள். எங்கள் காலத்தில் பி.எல். என்றும் மேற்படிப்பை எம்.எல். என்றும் சொல்வோம். இப்போது எல்.எல்.பி., எல்.எல்.எம். பெயர்தான் மாறியிருக்கிறது.

1891-ல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரிக்குப் பிறகு ரொம்ப காலம் நம் மாநிலத்தில் வேறு அரசு சட்டக் கல்லூரியே கிடையாது. மதுரை 1974-ல் வந்தது. பிறகு திருச்சி, கோவை. இன்று திருநெல்வேலி, ராமநாதபுரம், தேனி, சேலம், விழுப்புரம் என்று பக்கத்து ஊரிலேயே படிக்கலாம். 1997 முதல் இவற்றுக்கென்று டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அதன் கீழுள்ள கல்லூரிகளில் 3 ஆண்டுப் படிப்புக்கு உங்கள் பட்டப் படிப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் தருகிறார்கள். ஆகவே இப்போது எழுதும் செமஸ்டர் பரீட்சையே உங்களுக்கு நுழைவுத் தேர்வு மாதிரி. அலட்சியம் வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தபால் வழியில் வாங்கிய சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. பிளஸ் டூ படிக்காமல் நேரே திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டு, அதை வைத்துச் சட்டம் படித்தாலும் பார் கவுன்சிலில் சிக்கல்தான். அதே போல, வெளி மாநிலத்தில் எங்கோ ஒரு கல்லூரி, வகுப்புக்கே வர வேண்டாம், பணம் கட்டினால் போதும் என்று எவனாவது ஆசை காட்டினால் ஓடி வந்து விடுங்கள். அவற்றை எங்கள் வட்டாரத்தில் "லெட்டர்பேடு கல்லூரி" என்போம். அங்கே கிடைப்பது லெட்டர்பேடு மட்டும்தான். சட்டம் கிடைக்காது.

கல்லூரியில் இருக்கும்போதே கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்பது இப்போது விதியாகவே இருக்கிறது. பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள்படி 3 ஆண்டு மாணவர்கள் மொத்தம் 12 வாரமாவது பயிற்சி எடுக்க வேண்டும். பலர் கையெழுத்து மட்டும் வாங்கிப் போய் விடுகிறார்கள். என்னிடமே, "சார், ஒரு சர்ட்டிபிகேட்" என்று வாசலில் பைக்கை ஆஃப் பண்ணாமலே கேட்ட தம்பி உண்டு. அந்த 12 வாரத்தை ஏமாற்றுகிறவன் வேறு யாரையும் ஏமாற்றவில்லை.

பதிவு

வக்கீல் தொழிலுக்கு மூலச் சட்டம் 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம். அதன் 24-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயது ஆகியிருக்க வேண்டும், சட்டப் பட்டம் இருக்க வேண்டும். அடிப்படைத் தகுதி இவ்வளவுதான். அதில் எல்.எல்.எம். என்ற வார்த்தையே கிடையாது. இதை நன்றாக மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

என்னுடைய சீனியர் 1955-ல் பதிவு செய்தவர். அவர் காலத்தில் பட்டம் வாங்கிய பிறகு ஓராண்டு ஒரு மூத்த வக்கீலிடம் அப்ரெண்டிஸாக இருந்து, பார் கவுன்சில் தேர்வும் எழுத வேண்டும். 1973-ல் செய்த திருத்தத்தில் அந்தப் பயிற்சியும் தேர்வும் எடுக்கப்பட்டன. அதனால் 1991-ல் நான் பதிவு செய்தபோது எனக்குத் தேர்வும் இல்லை, பயிற்சியும் இல்லை. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் வரிசையில் நின்று உறுதிமொழி எடுத்தேன். அன்று காலை வரை நான் ஒரு பட்டதாரி, மதியம் வக்கீல். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் என் தோளில் இருந்த கறுப்புக் கோட்டு ஒன்றுதான். அந்தக் கோட்டுக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் ரயில் சார்ஜுக்கும் கடன் கொடுத்தவன் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொன்னால் எழுந்து ஓடி விடுவான். (சிரிப்பு, கைதட்டல்)

1995-ல் பார் கவுன்சில் மறுபடி ஓராண்டுப் பயிற்சியைக் கொண்டு வந்தது. அதற்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வந்ததுதான் அகில இந்திய பார் தேர்வு. 2009-10 கல்வியாண்டு முதல் பட்டம் பெற்றவர்களுக்கு அது கட்டாயம். முதல் தேர்வு 2011 மார்ச்சில் நடந்தது. இது செல்லுமா செல்லாதா என்று பல ஆண்டு வழக்கு நடந்து, 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1999 தீர்ப்பு சரியல்ல என்றும் அதே தீர்ப்பில் சொல்லி விட்டது. சட்டத்தில் 24 ஆண்டு சரியாக இருந்தது ஒரே நாளில் தவறாகும். எங்கள் தொழிலில் படிப்பு முடிவதே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆக, இப்போது நடைமுறை இதுதான். பட்டம் வாங்கியதும் மாநில பார் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு. இரண்டு ஆண்டுக்குள் பார் தேர்வில் தேற வேண்டும். 100 கேள்வி, நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. குறிப்புகள் இல்லாத வெறும் சட்டப் புத்தகத்தை உள்ளே எடுத்துப் போகலாம். 2024-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு இறுதியாண்டு மாணவர்களுக்கும் தேர்வெழுத வழி பிறந்திருக்கிறது. புத்தகம் கையில் இருக்கிறதே என்று நினைத்துப் போகிறவன்தான் தோற்கிறான். எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று தெரியாதவனுக்கு அந்தப் புத்தகம் தலையணை. அதுவும் 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்து விட்டது. குற்ற விசாரணை முறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் கூட மாறி விட்டன. 302 என்றால் கொலை என்று சினிமா பார்த்துத் தெரிந்து வைத்திருந்தோம், இப்போது அது 103. அண்ணன் வைத்திருந்த பழைய புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துப் போகாதீர்கள்.

கட்டணத்திலும் ஒரு நல்ல செய்தி. பல மாநிலங்களில் பதிவுக்கு ஆயிரக் கணக்கில் வசூலித்துக் கொண்டிருந்தார்கள். சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லி விட்டது. கடன் கொடுக்கும் நண்பன் இல்லாத பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல்.

மேற்படிப்பு

எல்.எல்.எம். பற்றிச் சொல்கிறேன். என் கதையையே சொல்லி விடுகிறேன்.

பதிவு செய்ததும் நம் ஊருக்கு வந்து என் சீனியரிடம் சேர்ந்தேன். மாதம் 300 ரூபாய் கொடுப்பார். மாத முதல் சனிக்கிழமை மாலை ஒரு கவரில் வைத்து, "இது சம்பளம் இல்ல தம்பி, பஸ் சார்ஜ்" என்று சொல்லிக் கொடுப்பார். வேலை என்னவென்றால் கட்டுத் தூக்குவது, வாய்தா வாங்குவது, டைரி எழுதுவது. கோர்ட்டில் கேஸ் கூப்பிட்டதும் எழுந்து, "சீனியர் பக்கத்துக் கோர்ட்டில் இருக்கிறார், பாஸ் ஓவர் கேட்கிறோம்" என்று சொல்வது. ஒரு வருஷத்தில் நான் அதிகம் பேசிய வாக்கியம் அதுதான். கூடப் படித்தவன் பேங்க்கில் சேர்ந்து ஸ்கூட்டர் வாங்கி விட்டான். கல்யாண வீட்டில், "தம்பி என்ன பண்றாப்ல?" என்று கேட்டால் அப்பா, "கோர்ட்டுக்குப் போய்ட்டு வர்றான்" என்று சொல்லும்போது குரல் இறங்கும். என்னமோ வழக்கில் மாட்டிக் கொண்டவன் மாதிரி.

அதனால் 1992-ல் எம்.எல். சேர்ந்தேன். அரசியல் சாசனம் என் பாடம். உண்மையைச் சொல்கிறேன், அரசியல் சாசனத்தின் மேல் காதலால் போகவில்லை. கோர்ட்டுக்குப் பயந்து போனேன். "என்ன பண்ற?" என்று கேட்டால், "எம்.எல். பண்றேன்" என்று இரண்டு வருஷத்துக்குப் பதில் இருக்குமே என்று போனேன்.

1994-ல் திரும்பி வந்தேன். சீனியர் ஒன்றும் கேட்கவில்லை. குமாஸ்தா அண்ணன் மட்டும், "எம்.எல். சார் வந்துட்டாங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். முதல் வாரமே ஒரு பெரியவர் வந்தார். அவர் நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரர் முள் போட்டு அடைத்து விட்டார். கடலை பிடுங்க வேண்டிய நேரம். வண்டி போகாது. சீனியர் என்னைப் பார்த்து, "பிராது நீ போடு" என்றார்.

இரவெல்லாம் உட்கார்ந்து 11 பக்கம் எழுதினேன். நடமாடும் சுதந்திரம், வாழும் உரிமை, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் அதில் இருந்தன. காலையில் குமாஸ்தா அண்ணனிடம் கொடுத்தேன். அவர் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டினார். மறுபடி முன்பக்கம் வந்தார். "தம்பி, செக்குபந்தி எங்க?" என்றார்.

எனக்கு அந்த வார்த்தையே தெரியாது. நிலத்தின் நான்கு எல்லை. கிழக்கே யார் நிலம், மேற்கே எந்த ஓடை என்ற விவரம். எந்தப் பத்திரத்தை எடுத்தாலும் இருக்கும். அசையாச் சொத்தைப் பற்றிய வழக்கில் அதை அடையாளம் காட்டும் விவரம் பிராதில் இருக்க வேண்டும் என்று உரிமையியல் விசாரணை முறைச் சட்டமே சொல்கிறது. நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விதிதான். ஆனால் கையால் ஒரு தடவையும் எழுதியதில்லை. அண்ணன் சொன்னதை நான் முறையாகக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. எம்.எல். கர்வம், அவசரமாக நானே ஒன்றை எழுதிச் சேர்த்துத் தாக்கல் செய்தேன். சர்வே நம்பர் தவறு. பிராது ரிட்டர்ன் ஆனது. திருத்தித் திரும்பத் தாக்கல் செய்து, நம்பர் ஆகி, இடைக்காலத் தடை கேட்டு நிற்பதற்குள் 12 நாள் ஓடி விட்டது. அதற்குள் மழை வந்து விட்டது. பெரியவர் வீட்டுப் பெண்கள் கடலையை வரப்பு வழியே தலைச்சுமையாகக் கொண்டு வந்தார்கள். பாதி காட்டிலேயே முளை விட்டுப் போயிற்று.

வழக்கு பின்னால் ஜெயித்தது. பெரியவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தீர்ப்பு வந்த அன்று அரைப் படி கடலை கொண்டு வந்து மேஜையில் வைத்தார். அதை என்னால் தின்ன முடியவில்லை.

அப்படியானால் எம்.எல். வீணா? இல்லை. அதையும் சொல்ல வேண்டும். ஒரு தீர்ப்பை முதலிலிருந்து கடைசி வரை படிக்க அந்த இரண்டு ஆண்டுதான் எனக்குச் சொல்லித் தந்தது. எது தீர்ப்பின் அடிப்படை, எது நீதிபதி போகிற போக்கில் சொன்னது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. பல வருஷம் கழித்து நில எடுப்பு வழக்கு ஒன்றில் எதிர்த் தரப்பு காட்டிய தீர்ப்பு, உண்மையில் எங்களுக்குச் சாதகமானது என்று அதே தீர்ப்பின் நடுப்பகுதியைப் படித்துக் காட்டினேன். வெளியே வந்ததும் சீனியர், "நாங்க ஹெட்நோட் படிச்சே காலத்தை ஓட்டிட்டோம். நீ முழுசாப் படிக்கிற" என்றார். அவர் எனக்குத் தந்த ஒரே சர்ட்டிபிகேட் அதுதான்.

ஆகவே மாணவர்களுக்கு என் யோசனை. சட்டக் கல்லூரியில் ஆசிரியராக வேண்டுமா, எல்.எல்.எம். கட்டாயம் வேண்டும். நெட் அல்லது செட் தேர்வும் வேண்டும், பிறகு பிஎச்.டி. ஒரு துறையில் ஆழமாகப் போக வேண்டுமா, அதாவது அறிவுசார் சொத்துரிமை, வரி, சுற்றுச்சூழல், தொழிலாளர் சட்டம் என்று, அப்போதும் செய்யுங்கள். இரண்டு ஆண்டுப் படிப்பு உண்டு. சுமார் 2013 முதல் சில பல்கலைக்கழகங்களில் ஓராண்டுப் படிப்பும் வந்தது. திருச்சியில் இருப்பது போன்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர கிளாட் என்ற பொதுத் தேர்வு எழுத வேண்டும். வெளிநாட்டு எல்.எல்.எம். பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் போன்ற மாநிலத்தில், அங்கே எல்.எல்.எம். படித்த வெளிநாட்டு வக்கீல்களுக்குச் சில நிபந்தனைகளோடு பார் தேர்வு எழுத வழி உண்டு. இங்கிலாந்தில் 2021 முதல் சொலிசிட்டர் ஆவதற்குத் தனித் தகுதித் தேர்வு வந்து விட்டது, அதற்கு எல்.எல்.எம். தேவையில்லை. வீட்டை அடகு வைக்கும் முன் இதை விசாரித்துக் கொள்ளுங்கள். எங்கே தொழில் செய்யப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகுதான் எங்கே படிப்பது என்ற கேள்வி.

நம் ஊர் கோர்ட்டில் தொழில் செய்ய எல்.எல்.எம். தேவையில்லை. முன்பே சொன்னேன், 24-வது பிரிவில் அந்த வார்த்தை இல்லை. இரண்டு வருஷம் ஒளிந்து கொள்ள மட்டும் அதைச் செய்யாதீர்கள். நான் செய்து பார்த்து விட்டேன். ஒளிந்து விட்டு வெளியே வந்தால் அதே கோர்ட், அதே படி, அதே குமாஸ்தா அண்ணன்.

ஒரு டைரி

இதுவரை மாணவர்களுக்குச் சொன்னேன். இனி சொல்லப் போவது என்னோடு தொழிலில் இருக்கும் நண்பர்களுக்கு. இதைச் சொல்லத்தான் நான் இன்று வந்தேன் என்று கூடச் சொல்லலாம்.

2013-ல் என்னிடம் ஒரு பெண் ஜூனியராகச் சேர்ந்தாள். இந்தக் கல்லூரி மாணவிதான். பார் தேர்வில் முதல் முறையே தேறியவள். அப்பா தறி ஓட்டுகிறவர், வீட்டில் முதல் பட்டதாரி. காலையில் எனக்கு முன்னால் ஆபீசில் இருப்பாள். செக்குபந்தி எழுத ஒரே வாரத்தில் கற்றுக் கொண்டாள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய நான் எழுந்தால், எனக்கு அடுத்து வேண்டிய காகிதம் அவள் கையில் தயாராக இருக்கும்.

நான் அவளுக்கு என்ன கொடுத்தேன்? தீபாவளிக்கு ஒரு சேலையும் 1,000 ரூபாயும். எப்போதாவது கட்சிக்காரர் கொடுத்தால் அதில் 100, 200. மாதா மாதம் ஒன்றும் இல்லை. "கத்துக்கத்தானே வந்திருக்கு" என்று நினைத்தேன். நண்பர்களே, சிரிக்காதீர்கள், இங்கே இருக்கும் வக்கீல்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். 1991-ல் எனக்கு 300 ரூபாய் கொடுத்த மனிதரின் நாற்காலியில் உட்கார்ந்து கொண்டு அப்படி நினைத்தேன்.

14 மாதம் வந்தாள். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. ஆபீஸ் சாவியும் கேஸ் டைரியும் குமாஸ்தா மேஜையில் இருந்தன. அடுத்த மூன்று மாத வாய்தா ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தாள். எந்தக் கேசில் எந்த நகல் வர வேண்டும், யாருக்கு நோட்டீஸ் சார்வாகவில்லை என்பது வரைக்கும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கணக்கு. போக 13, வர 13. நாள் ஒன்றுக்கு 26 ரூபாய், மாதா மாதம் கூட்டி வைத்திருந்தாள். எனக்குக் காட்ட எழுதியதல்ல. அவள் அப்பாவிடம் கேட்டு வாங்கிய பணத்துக்கு வைத்திருந்த கணக்கு. அழிக்க மறந்து விட்டாள்.

அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா காபி கொடுத்தார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தறி நின்று விட்டது, ஒரு தனியார் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். "மாசம் 9,000 சார்" என்றாள். நான், "இனிமே நான் தர்றேன்மா, வா" என்றேன். "சேர்றேன்னு சொல்லிட்டேன் சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

முழு நேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது. பார் கவுன்சில் விதி அது. ஆகவே சன்னதை நிறுத்தி வைக்க மனுக் கொடுக்க வேண்டும். அந்த மனுவை எப்படி எழுதுவது என்று என்னிடம்தான் கேட்டாள். நான்தான் எழுதிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மனுக்களில் சின்னது அது, ஒரு பக்கம் கூட வராது. இன்று வரை அவள் கோர்ட்டுக்குத் திரும்பவில்லை.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் உதவித் தொகை தர வழி செய்யும்படி நம் பார் கவுன்சிலுக்குச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சிலும் அதே அளவில் ஓர் அறிவுரை அனுப்பியது. அதற்கு முன்பே, 2020-ல், இளம் வக்கீல்களுக்கு மாதம் 3,000 ரூபாய் இரண்டு ஆண்டு தரும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அறிவுரை என்றால் என்னவென்று வக்கீல்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. (சிரிப்பு)

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். சிவில் நீதிபதித் தேர்வு எழுத 3 ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செக்குபந்தி தெரியாத எம்.எல். காரனாக இருந்தவன் என்ற முறையில், அந்த அனுபவம் வேண்டும் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த 3 ஆண்டு யார் சாப்பாடு போடுவது? அப்பாவிடம் பணம் இருக்கிற பிள்ளை 3 ஆண்டு உட்காருவான். தறி ஓட்டுகிறவர் மகள் 14 மாதத்தில் போய் விடுவாள். பிறகு நீதிபதி நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்பதை, நம்மைப் போன்ற சின்ன ஊர் வக்கீல்களின் மேஜை டிராயர்தான் முடிவு செய்யப் போகிறது.

என் வேண்டுகோள்

நம் சங்கத்தில் தொழில் செய்கிற வக்கீல்கள் ஓரளவு இருக்கிறோம். நான் கேட்பது இரண்டு.

ஒன்று, இந்தக் கல்லூரியில் படித்து, வீட்டில் முதல் வக்கீலாக வருகிற பிள்ளைகளை ஆளுக்கு ஒருவராவது ஜூனியராக எடுத்துக் கொள்வோம். உயர் நீதிமன்றம் சொன்ன தொகையை முழுதாகத் தர முடிந்தவர்கள் தாருங்கள். நம் ஊரில் எல்லோருக்கும் அந்த வருமானம் இல்லை என்று எனக்குத் தெரியும். முடியாவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஜூனியரை வைத்துக் கொள்ளலாம். எவ்வளவு என்பதைச் சேருகிற அன்றே சொல்லி விடுங்கள். மாதம் பிறந்ததும் கொடுத்து விடுங்கள். கேட்டு வாங்க வைக்காதீர்கள்.

இரண்டு, சங்கத்தின் சார்பில் பார் தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தேர்வுக் கட்டணமும் புதிய சட்டப் புத்தகங்களும் கொடுப்போம். கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி போதும். முதல் செட் புத்தகத்துக்கான பணத்தைச் செயலாளரிடம் காலையிலேயே கொடுத்து விட்டேன். (கைதட்டல்) கைதட்ட வேண்டாம். அது பழைய பாக்கி.

இப்போது என்னிடம் இரண்டு ஜூனியர்கள் இருக்கிறார்கள். மாத முதல் சனிக்கிழமை கவர். அந்தப் பையன் முதல் மாதம் கவரை வாங்கிக் கொண்டு, "எதுக்கு சார்?" என்று கேட்டான். பஸ் சார்ஜ் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "சம்பளம்பா" என்றேன்.

மாணவர்களே, சட்டம் படிக்க வாருங்கள். பயப்படாமல் வாருங்கள். பட்டம் மூன்று வருஷம், பதிவு ஒரு நாள், தேர்வு சில மணி நேரம். வக்கீலாவதற்கு மட்டும் கணக்குக் கிடையாது, நான் 30 வருஷத்துக்கு மேலாக முயற்சி செய்து கொண்டிருக்கிறேன். யாரிடம் சேருவது என்று தெரியாவிட்டால் கோர்ட் எதிரே என் ஆபீசுக்கு வாருங்கள். என்னிடம் இடம் இல்லாவிட்டால் இடம் இருக்கிற ஆபீசுக்கு நானே கூட்டிக் கொண்டு போகிறேன்.

சாம்பார் வாசனை வந்து விட்டது. இதற்கு மேல் வாய்தா கேட்டால் யாரும் தர மாட்டீர்கள்.